கடிக்கு முந்தைய நிமிடம்

எங்கள் தொழிலின் முதல் விதி இது: அடுத்தவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அவர் மனசைப் படித்துவிடுகிறவள் நான். பதினெட்டு வருடப் பழக்கம். எனக்கு இதைவிடக் கொடுமையான விதியை யாரும் போட்டிருக்க முடியாது.

தொழிலுக்குப் பெயர் நடத்தைப் பகுப்பாய்வு. மலையாள மண்ணில், கொச்சங்காடியில் ஒரு பழைய கிடங்கின் மாடியில், பேச்சு வராத, தன்னைத்தானே அடித்துக்கொள்கிற குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் சின்ன மையம். அங்கே கூட்டிப் பெருக்கத்தான் போனேன். பிள்ளைகள் என்னிடம் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து, "நீங்களும் படியுங்கள்" என்று பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். நாற்பத்தொரு வயதில் படிப்பு. பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில், மண்டையில் ஏறுவது தமிழில். பிள்ளையை, புருஷனை, மாமியாரை, கடைசியில் தன்னையே திருத்தப் பார்த்துத் தோற்றுப்போன நீங்கள் எல்லோரும் என் கட்சிதான். ஆகவே தைரியமாகச் சொல்கிறேன்.

பிணத்தின் வேலை

என் படிப்பு முழுக்கத் தாரணியின் கையில்தான் நடந்தது. ஐந்து வயது. பேச்சு இல்லை. இருந்தாற்போலிருந்து வலது மணிக்கட்டைக் கடிப்பாள். ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடி பல் பதியும். அவள் அம்மா முத்துலட்சுமி பள்ளுருத்தியில் ஓர் ஓட்டலில் காய் நறுக்குகிறாள். அப்பா கட்டடங்களில் கம்பி கட்டுகிறவர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. தெரிந்த மலையாளத்தையெல்லாம் திரட்டி அவள் சொன்னது இதுதான்: இருவரும் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையின் கையைத் துணியால் கட்டிப்போடச் சொல்கிறார் அவள் வீட்டுக்காரர். இவள் இரண்டு மாதம் தவணை கேட்டிருக்கிறாள். நானும் நல்ல மலையாளத்தில் தைரியம் சொன்னேன். வீட்டிலும் மலையாளமே பேசுங்கள், இரண்டு பாஷை கேட்டால் பிள்ளை குழம்பிவிடும் என்று அறிவுரை வேறு சொல்லி அனுப்பினேன்.

பிறகு இலக்கு எழுதச் சொன்னார் ஷைனி டீச்சர். மேற்பார்வை அவர்தான், என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர். 'தாரணி அழக்கூடாது, கடிக்கக்கூடாது, எழுந்து ஓடக்கூடாது' என்று அழகான கையெழுத்தில் எழுதி நீட்டினேன். செய்யாமல் இருப்பதெல்லாம் நடத்தையில் சேராதாம். உயிருள்ள ஒருத்தி அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுத வேண்டுமாம். டீச்சர் தாளைத் திருப்பித் தந்தபடி சொன்னார்: "எந்தா சேச்சி இது? அழாது, கடிக்காது, ஓடாது. ஒரு டெட் பாடி இதெல்லாம் நல்லா செய்யுமே!"

ஈரத் துண்டு

அடுத்த பாடம் வலுவூட்டல். ஒரு செயலுக்குப் பின்னால் ஏதோ ஒன்று கிடைக்கிறது, அதனால் அந்தச் செயல் அடிக்கடி நடக்கத் தொடங்குகிறது என்றால், கிடைத்த அந்தப் பொருளுக்கு வலுவூட்டி என்று பெயர். செயல் கூடவில்லையா, அது வலுவூட்டி இல்லை. நாம் எவ்வளவு ஆசையாகக் கொடுத்தோம் என்பதெல்லாம் கணக்கில் வராது.

படித்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் எறிகிற ஒருவர் என் வீட்டில் இருக்கிறார். தப்பித்தவறி அதைக் கொடியில் போட்ட நாளில், "அடடா, எவ்வளவு அழகா காயப் போட்டிருக்கீங்க" என்றேன். மறுநாளும் போட்டார், மறுபடி பாராட்டினேன். மூன்றாம் நாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான்காம் நாள் துண்டு கட்டிலுக்கே திரும்பி வந்துவிட்டது. விஞ்ஞானப்படி, என் பாராட்டு வலுவூட்டி இல்லை என்று நிரூபணமாயிற்று. ஏன் என்பதை அவரே சொன்னார்: "என்னமோ பயமா இருக்குடி. மறைக்காம சொல்லு, என்னத்த ஒடச்ச?"

பழுப்பு டேப்

தாரணிக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு காலை முழுவதும் போயிற்று. சாக்லேட், சோப்புக் குமிழி, பாட்டுப் பாடும் வாத்து என மேசை நிறையப் பரப்பினோம். அவள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அலமாரி மேல் கிடந்த பழுப்பு நிறப் பேக்கிங் டேப்பை எடுத்தாள். அதை 'சர்ர்ர்' என்று இழுத்துக் கிழிக்கும் சத்தத்துக்கு அப்படி ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகு வாரத்துக்கு நான்கு சுருள் டேப் வாங்கினோம். கீழே கிடங்கில் மூட்டை இறக்கும் சேட்டன் ஒருவர், நான் டேப்பும் கையுமாகப் படியேறுவதை ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அல்ல சேச்சி, மேல பிள்ளைங்களப் பேக் பண்ணி எங்கேயாவது அனுப்புறீங்களா?"

பதினாறும் ஆறும்

தாரணி கடித்தால் எல்லோரும் பதறி ஓடுகிறோம். ஆகவே, நாம் பார்க்க வேண்டும் என்றுதான் கடிக்கிறாள் என்று முடிவு செய்தோம். ஒரு நாள் பார்த்துவிட்டுச் செய்த முடிவு. திட்டம் இதுதான்: கடிக்கப் போனால் தோல் கிழியாமல் என் கையை இடையில் கொடுக்க வேண்டும். ஆனால் முகத்தைப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, அரை நிமிடம் எதுவும் செய்யச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு கடிக்கும் விரலில் மாட்டிய எண்ணும் கருவியை ஒரு தடவை அமுக்க வேண்டும்.

ஒரு கை அவள் பல்லுக்கு அணை, இன்னொரு கையில் பாடம் சொல்லும் பட அட்டை. அமுக்குவதற்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது? பதினொரு மணிக்குச் சாயா வரும்போது, உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சாயா குடிக்கும்போது நினைவு மிகவும் கருணையோடு வேலை செய்கிறது. ஒரு நாள் பதினாறு கடியாவது இருந்திருக்கும், எழுதியது பத்து. அடுத்த நாள் ஒன்பது. பிறகு ஏழு, ஆறு. சுவரில் ஒட்டிய வரைபடத்தில் கோடு அழகாகக் கீழே இறங்கியது. எனக்கு நாற்பத்தொரு வயது வரை யாரும் 'சூப்பர்' சொன்னதில்லை. சமைத்ததற்கும் சொன்னதில்லை, பெற்றதற்கும் சொன்னதில்லை. டீச்சர் தினமும் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "சூப்பர் சேச்சி! இதே ப்ளான் கண்டினியூ பண்ணலாம்."

முழுக்கை கவுன்

மூன்று வாரம் கழித்து, வியர்த்து ஊற்றுகிற வெயிலில், தாரணி முழுக்கை கவுன் போட்டு வந்தாள். கையை மேலே சுருட்டினேன். மணிக்கட்டில் பழைய புண் திறந்திருந்தது. அதற்கு மேலே புதிதாக ஒன்று, சீழ் வைத்து.

முத்துலட்சுமி சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் கடிப்பது அதிகமாகியிருக்கிறது, தவணையில் பாதிக்கு மேல் போய்விட்டது, வீட்டுக்காரர் துணியைக்கூட எடுத்து வைத்துவிட்டார் என்றாள். அப்புறம் தட்டுத் தடுமாறி அந்த மலையாளத்தில் அவள் சொன்னதன் பொருள் இது: "இங்க நல்லா இருக்கான்னு கோட்டுல தெரியுது. அப்ப நான்தான் வீட்ல ஏதோ தப்பா வளக்கிறேன்."

என் பெயரில் ஒரு தாள்

அன்று மத்தியானமே ஷைனி டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னேன். செய்யாத தப்புக்கு ஒரு தாய் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு படி இறங்கிப் போவதைப் பார்த்த பிறகு, சாயா டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டேன்.

டீச்சர் திட்டவில்லை. வெறும் தாள் ஒன்றை எடுத்தார், குழந்தைகளுக்குப் போடுவது போலவே மூன்று கட்டம் போட்டார்: முன்பு, நடத்தை, பின்பு. மேலே என் பெயர். "முன்பு என்ன நடந்தது?" என்றார். இரண்டு கையும் வேலையாக இருந்தது, எண்ண முடியவில்லை என்றேன். "நடத்தை?" குறைத்து எழுதினேன். "பின்பு?" மெல்லச் சொன்னேன், "நீங்க சூப்பர்னு சொன்னீங்க டீச்சர்." பேனாவை மூடினார். முகம் சிவந்துபோயிருந்தது. "அப்போ சேச்சிக்குப் பொய் எழுத ட்ரெயினிங் கொடுத்தது ஞான்தன்னே."

முழு வாக்கியம்

மறுநாளிலிருந்து டீச்சர் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தனியாக எண்ணினார்; அட்டையை மேசையில் வைத்துவிட்டு நானும் கருவியை அமுக்கினேன். இரண்டு பேர் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் மட்டும் தலையசைப்பார். எண் கூடினாலும் குறைந்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. இன்னொரு மாற்றமும் செய்தார். 'முன்பு' என்ற கட்டத்தில் நான் எப்போதும் 'செய்யச் சொன்னேன்' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன். என்ன சொன்னேனோ அதை அப்படியே எழுத வேண்டும் என்றார். எழுதினேன். உட்கார், பார், கொடு என்பதெல்லாம் மலையாளத்தில் இருந்தன: இவிடே இரிக்கூ. இங்ஙோட்டு நோக்கூ. அது எனிக்கு தரூ.

பத்து நாள் தாள்களைச் சேர்த்து வைத்து இருவரும் மேலிருந்து கீழாகப் படித்தோம். மலையாள வரிகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வரிகள் வேறு மாதிரி இருந்தன. வாடி தங்கம். இங்க உக்காரு கண்ணு. அத எடுத்துக் குடு பாப்போம். களைத்துப்போன நேரத்தில் என்னை அறியாமல் வாயில் வந்தவை. அந்த வரிகளுக்கு எதிரே கடி இல்லை, ஒன்றில்கூட. மலையாள வரிகளுக்கு எதிரே கடி. கடிக்குப் பின்னால் என்ன நடந்தது? நாங்கள் அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டோம். புரியாத பாஷையில் ஒருத்தி ஏவிக்கொண்டே இருக்கிறாள், கையைக் கடித்தால் அவள் வாய் மூடுகிறது. கவனத்தைக் கொடுக்காமல் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு, அவளுக்கு வேண்டியதையே ஒவ்வொரு கடிக்கும் கையில் கொடுத்திருக்கிறோம்.

நான் ஏன் அவளிடம் மலையாளம் பேசினேன் என்பதற்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்பில், தமிழ் வீட்டுப் பிள்ளை என்று கேலியாக என்னைப் 'பாண்டி' என்று கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டினால் ஒரு தமிழ்ச் சொல் கலக்காத மலையாளம் பேசப் பழகிக்கொண்டேன். மார்க்கெட்டில் கூடை சுமக்கிறவர்கள், கம்பி கட்டுகிறவர்கள் பாஷை அது, என் பாஷை வேறு என்று காட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை. அப்படித்தான் ஒரு கம்பி கட்டுகிறவரின் மகளிடமும் பேசியிருக்கிறேன். அந்தத் தமிழ் வரிகளை விரலால் தொட்டுக் காட்டி, ஒன்றும் அறியாமல் டீச்சர் கேட்டார்: "சேச்சி, இந்த மாதிரி வரி ஏன் இவ்வளவு குறைச்சலா இருக்கு?"

வாசலில்

மறுநாள் காலை முத்துலட்சுமி படியேறி வந்ததும், "உள்ள வா முத்துலட்சுமி. உக்காரு. சாப்பிட்டியா?" என்றேன். இந்த மூன்று வாக்கியம் சொல்ல ராத்திரி முழுக்கத் தயார் செய்திருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். அவள் கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். குறைத்து எழுதியதைச் சொன்னேன், அரை நிமிட மௌனத்தைச் சொன்னேன், வீட்டிலும் மலையாளம் பேசு என்று நான் கொடுத்த அறிவுரை தப்பு என்பதையும் சொன்னேன். அதற்குத்தான் அவள் நிமிர்ந்தாள். பிள்ளைக்கு நல்லது என்று நம்பி, தனக்கே சரியாக வராத பாஷையில் சோறு ஊட்டியிருக்கிறாள், தலை வாரியிருக்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். உதறிவிடுவாள் என்று பயந்தேன், உதறவில்லை. ஆனால் அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "நீங்க தமிழாக்கா? எம்புள்ள வலிய இத்தன நாளா தெரியாத பாஷையில சொல்லிக்கிட்டிருந்தேனே, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

நிறுத்திப் பார்ப்பது

புதிய திட்டத்தில் எல்லாம் தமிழ். கடிப்பதற்குப் பதிலாக உள்ளங்கையை விரித்துக் காட்டக் கற்றுக்கொடுத்தோம். கையைக் காட்டினால் நாங்கள் 'போதும்' என்று சொல்லி, வேலையை உடனே நிறுத்துவோம். கடித்துக் கிடைத்த அதே அரை நிமிடம், ரத்தம் வராமல். ஷைனி டீச்சர் 'உக்காரு', 'எடு', 'போதும்' என்று மலையாள எழுத்தில் தன் இடது கையில் எழுதிக்கொண்டு வருவார். வியர்வையில் 'எடு' அழிந்துபோனால் என்னைப் பார்ப்பார். இரண்டு வாரத்தில் கடி பாதிக்கும் கீழே போயிற்று. இந்த முறை எண்ணியது இரண்டு பேர். முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். கீழே லாரி ஹாரன் அடித்தால் இன்றைக்கும் பல் மணிக்கட்டுக்குப் போகிறது.

பாடத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. மாற்றம் நம் திட்டத்தால்தான் வந்ததா என்று தெரிய, திட்டத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்க வேண்டும். பழைய நடத்தை திரும்பினால் நிரூபணம். எனக்கு அந்த அத்தியாயம் மிகவும் பிடித்திருந்தது. ஒரு பொய்க் கோடு வரைந்தவளுக்கு ஓர் உண்மைக் கோட்டின் மேல் ஆசை வராதா? மூன்று நாள் மட்டும் மறுபடி மலையாளம் பேசிப் பார்க்கட்டுமா என்று முத்துலட்சுமியிடம் கேட்டேன். அவள் மகளின் புண்ணில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "அடுப்பு சுடுதுன்னு தெரிஞ்சுபோச்சுல்லக்கா. இன்னொரு தடவ எம்புள்ள கைய வச்சுப் பாக்கணுமா?" பக்கத்தில் நின்ற டீச்சரிடம் இதை மொழிபெயர்த்தேன். அவர் தாளில் அதற்கென்று போட்டிருந்த மூன்று நாள் கட்டங்களையும் அங்கேயே அடித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம பேப்பருக்கு வேண்டி அந்தக் கை வேண்டா சேச்சி."

தவணை முடிந்த நாள்

இரண்டு மாதம் முடிந்த அன்று, முத்துலட்சுமியின் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் நேரே மையத்துக்கு வந்தார். சிமென்ட் படிந்த விரல்களை மடியில் மறைத்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. மகளின் கையைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி கட்டிப்போடுவது ஒன்றுதான். தாரணியைத் தூக்கி மடியில் வைத்துத் தலையைக் கோதினார். அவள் நெளிந்தாள். மறுபடி கோதினார். அவள் வலது கையை உயர்த்தி, அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

அவர் கையை எடுத்துவிட்டார். மகள் இறங்கிப் போய் டேப்பைக் கிழிக்க ஆரம்பித்தாள். கட்ட எடுத்து வைத்த துணி என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவராகவே சொன்னார்: "அந்தத் துணிய நேத்தே இவ அம்மா சோத்துப் பானை எறக்க எடுத்துக்கிட்டா. நானும் ஒண்ணும் சொல்லல."

நாலாவது கட்டளை

போன மாதம் எனக்குச் செய்முறைத் தேர்வு. தேர்வாளர் மடிக்கணினித் திரையில் இருந்தார், எங்கோ தூரத்து ஊர்க்காரர். ஒரு குழந்தையை உட்கார வைத்து வரிசையாகப் பத்துக் கட்டளை கொடுத்துக் காட்ட வேண்டும். பத்தும் முடிந்தால் சான்றிதழ். தாரணியோடு உட்கார்ந்தேன். மூன்று கட்டளை அழகாக முடிந்தது. நாலாவதில் உள்ளங்கை உயர்ந்தது. கூடவே, இதுவரை கேட்காத ஒரு சத்தமும் வந்தது: "போம்."

இன்னும் ஏழுதான். கொஞ்சிக் கெஞ்சினால் முடித்துவிடலாம். ஆனால் கை காட்டியும் நான் நிற்கவில்லை என்று ஒரு தடவை தெரிந்தால் போதும், அவளுக்கு அடுத்த வழி பல். 'போதும்' என்று சொல்லி அட்டைகளைக் கவிழ்த்து வைத்தேன், தாரணி எழுந்து டேப் இருக்கும் பக்கம் போனாள். எனக்கு அழுகையாக வந்தது. சான்றிதழ் போகிறதே என்றா, பிள்ளை வாய் திறந்தாளே என்றா, இன்றுவரை தெரியவில்லை. திரையிலிருந்து தேர்வாளர் ஏன் நிறுத்தினீர்கள், மூன்றுதானே ஆயிருக்கிறது, இடைவெளி விட்டுத் தொடர்ந்திருக்கலாமே, விதிப்படி அடுத்த மாதம்தான் மறுபடி வரமுடியும் தெரியுமா என்று அடுக்கிக்கொண்டே போனார். அவர் முடிப்பதற்குள், கழுத்தில் டேப் சுருளோடு தாரணி திரும்பி வந்தாள். மடிக்கணினிக்கு நேரே நின்று, அவர் முகத்தின் மேல் கையை விரித்துச் சொன்னாள்: "போம்."

பல்லைப் பயன்படுத்தாமல் 'போதும்' சொல்ல ஒரு குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தோம் என்று எங்கள் அறிக்கை பெருமையாகச் சொல்கிறது, பல் படாமலே அதைக் காதில் வாங்கப் பெரியவர்கள் கற்றுக்கொண்டதை எழுதத்தான் அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.